மூணாவது பாட்டுல ஒண்ணும் இருக்காது

எதிர்ல உக்காருங்கம்மா. பக்கத்துல உக்காந்து எங்கயோ பாத்துக்கிட்டுப் பேசறது எனக்குப் பிடிக்காது. மூஞ்சியப் பாத்துப் பேசணும், அதான் மரியாதை. உங்க டோக்கன் எத்தனை? முப்பத்தி மூணா. என்னுது முப்பத்தி ஒண்ணு. இப்ப உள்ள போயிருக்கிறது இருபத்தி ஆறு. அந்த நர்சம்மா வாய்க்குள்ளயே முனகுது, நம்பரைக் கூப்பிட்டா ஒருத்தருக்கும் விளங்கல. முப்பத்தி ஒண்ணு வந்தா எனக்குக் கொஞ்சம் கை காட்டுங்க, புண்ணியமாப் போகும்.

உங்களுக்கா காட்ட வந்தீங்க? மாமனாருக்கா. அதோ தூங்கறாரே, அவரா. வயசானா காது போறது சகஜம்தான். எனக்கு அந்த மாதிரி ஒண்ணும் கெடையாதும்மா. எனக்கு ஒரு சர்ட்டிபிகேட் வேணும், அவ்வளவுதான். இந்தம்மாவுக்குக் காது நல்லா கேக்குதுன்னு எழுதி, சீல் வெச்சு, நாலு மணிக்குள்ள கம்பெனியில குடுக்கணும். குடுத்தா நாளைக்கு என் சீட்டுல நான் உக்காருவேன். குடுக்கலேன்னா வேலை இல்ல. பதிமூணு வருஷம் பாத்த வேலை. அதான் காலையிலேருந்து தண்ணிகூட இறங்கல.

அம்பத்தூர் எஸ்டேட்டுலதான் கம்பெனி. டிஸ்க் பிளேயர் செய்யறோம். டிவிக்குக் கீழ வைக்கிறது இல்ல, பையில போட்டுக்கிட்டு காதுல மாட்டிக்கிட்டுக் கேக்கறது. வெளிநாட்டுக் கம்பெனி செட்டு வாங்க முடியாதவங்க எங்களுதைத்தான் வாங்குவாங்க. விலை கம்மி. விலை கம்மின்னாலும் சவுண்டு நல்லா இருக்கும், அதுக்கு நான் காரண்டி. சும்மா பேச்சுக்குச் சொல்லல. நிஜமாவே நான்தான் காரண்டி. ஒவ்வொரு செட்டும் பெட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடி என் காதுக்கு வரணும். நான் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினாதான் போகும். சிவப்பு ஒட்டினா திரும்ப ரிப்பேர் மேசைக்குப் போயிடும். கம்பெனியில எனக்குப் பேரே காது மங்கைதான். முழுப் பேரு மங்கையர்க்கரசி, அதை யாரு கூப்பிடறாங்க.

டெஸ்டுக்குன்னு ஒரு டிஸ்க் இருக்கு. அதுல மூணு பாட்டு. பாட்டுன்னுதான் சொல்றது, ஆனா பாட்டெல்லாம் இருக்காது. மொதல்ல ஒரு பொண்ணு இடதுன்னு சொல்லும், அது இடது காதுல மட்டும் கேக்கணும். வலதுன்னு சொல்லும், அது வலதுல கேக்கணும். ரெண்டாவதுல ஜால்ரா. ஒரு தட்டு தட்டிட்டு விட்டுருவாங்க, அது தேஞ்சு தேஞ்சு போகும். மூணாவது பாட்டுல ஒண்ணும் இருக்காது. வெறும் அமைதி. இருபது எண்ணற வரைக்கும் ஒண்ணுமே இருக்காது. அந்த ஒண்ணுமில்லாததுலதான் எங்க வேலையே இருக்கு. மட்டமான செட்டுன்னா அந்த நேரத்துல ஸ்ஸ்ஸ்னு ஒரு இரைச்சல் வரும். பாட்டு ஓடும்போது அது தெரியாது. அமைதியில மாட்டிக்கும். புதுசா வர்ற பொண்ணுங்க மூணாவது பாட்டு வந்ததும் ஹெட்போனைக் கழட்டிருவாங்க, முடிஞ்சு போச்சுன்னு. நான் திட்டுவேன். அடியே, இப்பதாண்டி ஆரம்பம்னு.

இருபத்தி ஏழு போகுது பாருங்க. சீக்கிரமாத்தான் போகுது. எனக்கு முன்னாடி இன்னும் மூணு பேரு.

தனியாவா வந்தேன்னு கேக்கறீங்களா? இல்ல, ஒருத்தி துணைக்கு வர்றதாச் சொன்னா. ஜெசிந்தான்னு பேரு. பத்து மணிக்கு வந்துருவேன்னா. மணி பதினொண்ணு ஆகப் போகுது, ஆளைக் காணோம். அவளைப் பத்தித்தான் சொல்லிக்கிட்டு வர்றேன், கேளுங்க.

எங்க கம்பெனியில ஒரு வழக்கம். ஒரு செட்டை ஒரு ஆளு மட்டும் கேட்டுச் சொல்லக் கூடாது. ரெண்டு பேரு கேக்கணும். ஒரே செட்டுலேருந்து ரெண்டு வயரு பிரிஞ்சு வரும், ரெண்டு ஹெட்போன். எதிரெதிர்ல உக்காருவோம், நடுவுல மேசை. அவங்கவங்க ஹெட்போனுக்கு அவங்கவங்க கைக்குட்டையச் சுத்தி வெச்சிருப்போம், வேர்வைக்கு. ரெண்டு பேரும் பச்சை ஒட்டினாதான் செட்டு பாஸ். ஆறு வருஷம் எனக்கு எதிர்ல உக்காந்தவ ஜெசிந்தா. என்னைவிட நாலஞ்சு வயசு சின்னவ. அக்கான்னுதான் கூப்பிடுவா. புருஷன் இல்ல, ஒரு பொண்ணு பத்தாவது படிக்குது. வேலைக்குச் சேந்த புதுசுல ஒண்ணும் தெரியாது அவளுக்கு. ஜால்ரா தேயற சத்தத்தை எப்படிப் பிடிக்கணும்னு நான்தான் கத்துக் குடுத்தேன்.

ஆறு வருஷத்துல எங்க ரெண்டு பேருக்கும் ஒரு நாளும் ஸ்டிக்கர் மாறினதில்ல. அவ சிவப்புன்னா நானும் சிவப்பு. நான் பச்சைன்னா அவளும் பச்சை. தணிகாசலம் சார்னு எங்க சூப்பர்வைசர், அவரே சொல்வாரு, இவங்க ரெண்டு பேரும் சேந்து ஒரே காதுன்னு. அவ மூஞ்சியிலயே எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும். மூணாவது பாட்டுல இரைச்சல் இருந்துச்சுன்னா மேல் உதட்டை இப்படி மடிப்பா. நான் அதைப் பாத்து ஒட்டறதில்ல. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கண்டுபிடிப்போம். அவ உதட்டை மடிக்கறதும் நான் சிவப்பை எடுக்கறதும் ஒண்ணா நடக்கும்.

ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த ரெண்டு வருஷமா செட்டெல்லாம் நல்லா வர ஆரம்பிச்சிருச்சு. என்ன மாத்தினாங்களோ தெரியல, மூணாவது பாட்டு அவ்வளவு சுத்தம். முன்னெல்லாம் நல்ல செட்டுலகூட பூனை மூச்சு விடற மாதிரி லேசா ஒரு இரைச்சல் இருக்கும், அதைக் கணக்குல எடுத்துக்க மாட்டோம். இப்ப அதுவும் இல்ல. நான் சார்கிட்டயே சொன்னேன், சார் வர வர நம்ம செட்டு வெளிநாட்டுக்காரன் செட்டுக்குச் சமமா வருதுன்னு. அவருக்கு ரொம்ப சந்தோஷம். முதலாளிகிட்டயும் போய்ச் சொன்னாராம். நம்ம பொருள்தான் நல்லா வருதே தவிர வெளியில விக்கிறது எதுவும் சரியில்லம்மா. எங்க வீட்டு குக்கருக்கு மூணு தடவ விசில் மாத்திட்டேன். ஒரு விசிலும் ஒழுங்கா அடிக்கல. பருப்பு அடிப்பிடிச்சு கருகின பிறகுதான் தெரியுது. கடைக்காரன்கிட்டப் போய் சண்டை போட்டா, அடிக்குதேம்மான்னு என் எதிர்லயே அடுப்புல வெச்சுக் காட்டறான். திமிரு.

எங்க விட்டேன்? ஆங், ஜெசிந்தா.

ஆடி மாசம் கம்பெனிக்கு ரெண்டு பேரு வந்தாங்க, எங்க செட்டை மொத்தமா வாங்கற பார்ட்டியோட ஆளுங்க. எல்லாத்தையும் சுத்திப் பாத்துட்டு எங்க மேசைகிட்ட வந்து நின்னாங்க. ரெண்டு பேரும் எதிரெதிர்ல உக்காந்தா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து முடிவு பண்ணிருவாங்களே, நடுவுல மறைப்பு வைங்கன்னாங்க. மறுநாளே ஒரு பலகை வந்துருச்சு. நெத்தி உயரத்துக்கு. உக்காந்தா அவ எனக்குத் தெரிய மாட்டா, நான் அவளுக்குத் தெரிய மாட்டேன். எனக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு. கவனம் சிதறாம கேக்கலாம் பாருங்க. பலகை வெச்ச அன்னிக்கு எனக்கு ஒரு சிவப்புகூட விழல. மறுநாளும் விழல. செட்டெல்லாம் தண்ணி மாதிரி தெளிவு.

பலகைக்கு அந்தப் பக்கம் பாத்தா, அவ சிவப்பு ஒட்டிக்கிட்டே இருக்கா. பத்து செட்டுக்கு மூணு, நாலு. நான் பச்சை, அவ சிவப்பு. நான் பச்சை, அவ சிவப்பு. ஆறு வருஷத்துல நடக்காதது. ஸ்டிக்கர் மாறின செட்டெல்லாம் ஒரு ஓரமா அடுக்கறாங்க, அது வளந்து வளந்து ஜன்னலை மறைக்குது. லைன் நிக்குது. பேக்கிங் பொண்ணுங்க வேலை இல்லாம கையக் கட்டிக்கிட்டு எங்களையே பாக்கறாங்க.  நாளைக்கு யாரை ஏசுவாங்க? என்னைத்தானே?

என்னடி உனக்குக் கேக்குதுன்னு சாப்பாட்டு நேரத்துல கேட்டேன். இரைச்சல் இருக்குக்கா, நல்லாவே இருக்கு, செட்டுக்குள்ள புதுசா போடற போர்டு சரியில்லன்னா. எனக்குக் கேக்கலையேன்னேன். அவ சோத்தைப் பிசைஞ்சா. அப்புறம் சொல்றா, அக்கா, சார்கிட்டச் சொல்லி இந்தப் பலகைய எடுக்கச் சொல்லு, நாம பழையபடி உக்காருவோம், எல்லாம் சரியாப் போகும்னு. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏன் சொல்றா? பலகை இல்லேன்னா என் மூஞ்சியப் பாத்துக் காப்பி அடிக்கலாம். தனியா விட்டதும் அவளுக்கு ஒண்ணும் விளங்கல, குருட்டாம்போக்குல சிவப்பா ஒட்டறா. இத்தனை வருஷமா என் காதை வெச்சு அவ சம்பளம் வாங்கியிருக்கான்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது.

சிரிக்கிறீங்களா? இல்லையா. சரி. எனக்கு அப்படித் தோணிச்சு.

அதுக்கு மேல லைன் லீடர் போஸ்டு ஒண்ணு காலியா இருந்துச்சு. எனக்குத்தான் வரும்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. அவளுக்கு அதுல வயித்தெரிச்சல் இருக்குமோன்னு பேக்கிங்ல ஒருத்தி கிளப்பி விட்டா. நான் நம்பல. மொதல்ல நம்பல.

நாலாவது நாள் தணிகாசலம் சாரு வந்துட்டாரு. ஸ்டிக்கர் மாறின செட்டுல ஒண்ணை எடுத்து, எல்லார் முன்னாடியும், நானே கேக்கறேன்னு ஹெட்போனை மாட்டிக்கிட்டாரு. அவரு முப்பது வருஷம் பிரஸ் ஷாப்புல இருந்து வந்தவரு, தகரம் அடிக்கிற இடம். அனுபவஸ்தரு. கண்ணை மூடிக்கிட்டு மூணாவது பாட்டைக் கேட்டாரு. முழுசாக் கேட்டாரு. கழட்டிட்டு, ஒண்ணும் இல்லையேம்மா, சுத்தமாத்தானே இருக்குன்னாரு. அப்படியே அஞ்சு செட்டு கேட்டாரு. அஞ்சும் சுத்தம். நீங்களே சொல்லுங்க. ரெண்டு பேருக்குக் கேக்கல, ஒருத்திக்கு மட்டும் கேக்குது. அப்ப யாரு பொய்?

சாரு அவளைக் கேட்டாரு, ஏம்மா இப்படிப் பண்றேன்னு.  என்னைத்தான் பாத்தா. கெஞ்சற மாதிரி பாத்தா. சாரு என்கிட்டத் திரும்பி, நீ சொல்லு மங்கை, உனக்குத்தான் அவளைத் தெரியும்னாரு. எல்லாரும் நிக்கறாங்க. நான் சொல்லிட்டேன். அவ வேணும்னே சிவப்பு போடறா சார்னு சொல்லிட்டேன்.

ஏன் சொன்னேன்னு கேக்கறீங்களா? தெரிஞ்சதைச் சொன்னேன். கேட்டாங்க, சொன்னேன். அவ அப்பவாவது ஏதாவது பேசியிருக்கலாமில்ல? சண்டை போட்டிருக்கலாமில்ல? அவ கைக்குட்டைய ஹெட்போன்லேருந்து அவிழ்த்து, மடிச்சு, இடுப்புல சொருகிக்கிட்டுப் போயிட்டா. அன்னிக்குச் சாயங்காலமே கணக்கைத் தீத்து அனுப்பிட்டாங்க. நான் வீட்டுக்குப் போய்ப் படுத்தா தூக்கம் வரல. தப்பு பண்ணவளுக்குத்தானே தூக்கம் வரக்கூடாது? எனக்கு ஏன் வரலைன்னு எனக்கே கோவம்.

இருபத்தி எட்டா? ரெண்டு பேரு ஒண்ணாப் போறாங்களே. ஓ, இருபத்தி ஒன்பதும் சேந்தே போகுதா. அம்மா, பொண்ணா. அய்யோ, அப்ப என் முறை கிட்டக்க வந்துருச்சு. இவ எங்க போய்த் தொலைஞ்சா?

அவ போனதும் ஓரமா அடுக்கின செட்டையெல்லாம் என் பச்சைய வெச்சே அனுப்பிட்டாங்க. எதிர்ல வேற ஆளு போடல, மங்கை ஒருத்தி போதும்னாரு சாரு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. நானூத்திச் சொச்சம் செட்டு. ஒரு மாசம் ஆகல, எல்லாம் திரும்பி வந்துருச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, அத்தனையும். மொதல்ல வந்த அந்த ரெண்டு பேரும் கூடவே வந்தாங்க. முதலாளி ரூமுக்கு என்னைக் கூப்பிட்டாங்க. அங்க ஆபீஸ்ல டைப் அடிக்கிற பொண்ணு, இருபது வயசு, அதுகிட்ட ஹெட்போனைக் குடுத்தாங்க. அது மாட்டின உடனே மூஞ்சியச் சுளிச்சுது. என்ன சார் இது, மழை பெய்யற மாதிரி கேக்குதுங்குது.

நான் வாங்கி மாட்டினேன். சவுண்டை முழுசாத் திருகினேன். நான் எப்பவும் முழுசாத்தான் வெச்சுக் கேப்பேன், பக்கத்துல கம்ப்ரசர் ஓடற இடம் பாருங்க, பதிமூணு வருஷமா அப்படித்தான் பழக்கம். இடதுன்னு கேட்டுச்சு, வலதுன்னு கேட்டுச்சு, ஜால்ரா கேட்டுச்சு. மூணாவது பாட்டு வந்துச்சு. நான் இருபது எண்ணினேன். ஒண்ணுமே இல்லம்மா. சத்தியமா ஒண்ணும் இல்ல. எல்லாரும் என் வாயையே பாக்கறாங்க. சுத்தமா இருக்கு சார்னு சொன்னேன். அந்தப் பொண்ணு தலையக் குனிஞ்சுக்கிச்சு.

லாரியில ஆடி ஆடி ஏதாவது ஆகியிருக்கும்னு சொல்லிப் பாத்தேன். வழியில மழையில நனைஞ்சிருக்கும்னு சொன்னேன். முதலாளி கோவப்படல. கோவப்பட்டிருந்தாக்கூட பரவாயில்ல. மங்கை, பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காதைச் சோதிச்சு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வந்துரு, புதன்கிழமை நாலு மணி வரைக்கும் டைம்னாரு. மெதுவாச் சொன்னாரு. சாரு பக்கத்துல நிக்கறாரு, தனக்கும் கேக்கலன்னு ஒரு வார்த்தை வாயைத் திறக்கல. இன்னிக்கு புதன்கிழமை.

அதான் நேத்து ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். பட்டரவாக்கம் ரயில்வே கேட்டுகிட்ட ஒரு சந்துல இருக்கா. ஜாக்கெட்டுக்கு ஹூக்கு கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. மடியில ஒரு குவியல், பக்கத்துல ஒரு குவியல். என்னைப் பாத்ததும் எழுந்து டீ போட்டா. அதுதான் எனக்குத் தாங்கல. ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா நானும் திட்டிட்டு வந்திருப்பேன். நீ அந்த செட்டுல ஏதாவது பண்ணினியா, உண்மையச் சொல்லுன்னு கேட்டேன். அதைக் கேக்கத்தான் போனேன்.

அவ ஊசிய மடியில குத்தி வெச்சுட்டு என் எதிர்ல வந்து உக்காந்தா. நல்லா நேரா உக்காந்து, மெதுவாச் சொன்னா. அக்கா, ரெண்டு வருஷமா உனக்கு மூணாவது பாட்டு கேக்கல. எனக்குத் தெரியும். நீ என் மூஞ்சியப் பாத்துத்தான் ஒட்டினே. உனக்குத் தெரியணும்னுதான் நான் உதட்டை மடிச்சுக் காட்டினேன்னு.

எப்படி இருக்கும் எனக்கு? டம்ளரை வெச்ச வேகத்துல டீ எல்லாம் ஜாக்கெட்டு மேல சிந்திருச்சு. நான் கத்துக் குடுத்த கழுதை, எனக்கே காது இல்லங்குது. நல்லாக் கத்திட்டேன். தெருவே எட்டிப் பாத்துச்சு. அப்ப ஏண்டி என்கிட்டச் சொல்லலைன்னு கேட்டேன். சொன்னா உன்னை அனுப்பிருவாங்க, வேற யாருக்கா எனக்கு அங்க இருக்கான்னா. நான் உன்னை அனுப்பினேனேடின்னு என் வாயில வந்துச்சு. சொல்லல. முழுங்கிட்டேன்.

நான் அதை நம்பலம்மா. இப்பவும் நம்பல. ஆனா ஒண்ணு கவனிச்சேன். அரை மணி நேரம் அவ வீட்டுல இருந்தேன். அவ விரல்ல ஊசி குத்திச்சு, டீ சிந்துச்சு, நான் பேசாத பேச்செல்லாம் பேசினேன். ஒரு தடவகூட அவ அந்த உதட்டை மடிக்கவே இல்ல.

கடைசியில, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றியான்னு கேட்டேன். எதுக்குன்னு கேட்டா. சொன்னேன். கையில இருந்த ஹூக்கைக் கட்டி முடிச்சுட்டு, வர்றேன்னா. பத்து மணிக்குன்னா.

எதுக்குன்னு உங்ககிட்டயும் சொல்லிடறேன். நேரம் இல்ல, இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது. கிட்ட வாங்க. இல்ல, அவ்வளவு கிட்ட வேணாம், மூஞ்சி தெரியணும். போன வாரமே நான் இங்க வந்து எல்லாத்தையும் பாத்துட்டுப் போனேன். உள்ள ஒரு கண்ணாடிப் பெட்டி மாதிரி ரூம். அதுல நம்மள உக்கார வெச்சு ஹெட்போன் மாட்டி, கையில ஒரு பட்டன் குடுப்பாங்க. சத்தம் கேட்டா அமுக்கணும். வெளியில ஒரு பொண்ணு மெஷின்கிட்ட உக்காந்து சத்தம் அனுப்பும். அது கை நமக்குத் தெரியாத மாதிரி பக்கவாட்டுல உக்கார வெச்சுருவாங்க. ஆனா அதோ அந்த நடை ஜன்னல் இருக்கு பாருங்க, அங்க நின்னா அந்தப் பொண்ணு கையும் தெரியும், கண்ணாடிக்குள்ள இருக்கிற ஆளும் தெரியும். அங்க ஒரு ஆளு நின்னு, அந்தப் பொண்ணு அமுக்கும்போதெல்லாம் லேசா ஒரு ஜாடை காட்டினாப் போதும்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? இது ஏமாத்து இல்ல. எனக்குக் கேக்கும். ஆனா பயத்துல ஒண்ணு ரெண்டு விட்டுருச்சுன்னா? வாழ்க்கை போயிடுமே. அதுக்காக ஒரு துணை, அவ்வளவுதான். அவதான் வரல. வர மாட்டா. நானா இருந்தா நானும் வந்திருக்க மாட்டேன். அதனால உங்ககிட்டக் கேக்கறேன். பத்து நிமிஷம். உங்க மாமனாரு தூங்கறாரு, அவரு பாட்டுக்குத் தூங்கட்டும். நீங்க அந்த ஜன்னல்கிட்ட சும்மா நிக்கற மாதிரி நின்னுக்கிட்டு, அந்த மெஷின் பொண்ணு கை அசையும்போது தலைய ஒரு தடவ ஆட்டுங்க. யாருக்குத் தெரியப் போகுது?

யோசிக்காதீங்கம்மா. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. படிப்பு இல்ல, தையல் தெரியாது. தெரிஞ்சதெல்லாம் காது ஒண்ணுதான். அது இல்லேன்னா நான் யாருங்க? பயமா இருக்கும்மா. வீட்டுல ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அவருக்கும் பிள்ளைங்களுக்கும் நான் இப்ப கம்பெனியில இருக்கேன்னுதான் நெனப்பு. முந்தாநேத்து ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு ஒரு செட்டை வெச்சு மூணாவது பாட்டையே கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். எத்தனை தடவன்னு தெரியாது. எப்படியாவது அந்த இரைச்சல் வந்துராதான்னு. மட்டமான செட்டுன்னு தெரிஞ்சே வாங்கி வந்த செட்டு. வரலம்மா. அவ்வளவு அமைதி.

என்னம்மா? ஏன் என் தோளுக்கு மேல பாக்கறீங்க? நம்பர் வந்துருச்சா?

பின்னாலயா? யாரு?

ஜெசிந்தா. நீ எப்படி வந்தே, எப்ப வந்தே? நான் இங்க உயிர் போய் உக்காந்திருக்கேன், நீ பாட்டுக்கு முதுகுக்குப் பின்னால மரம் மாதிரி நிக்கறே. வந்தவ ஒரு குரல் குடுக்கக் கூடாதா? தலைய ஆட்டாத. வாயைத் திறந்து சொல்லு. கூப்பிட்டியா? பொய் சொல்லாத ஜெசிந்தா, நேத்து சொன்னது போதும்.

இவளை விடுங்க. நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்கு இவளையும் தெரியாது, என்னையும் தெரியாது. இவ என்னைக் கூப்பிட்டாளா?

எங்க நின்னு கூப்பிட்டா? அந்த வாசல்லேருந்தா?

இங்கயா. இந்த பெஞ்சுக்குப் பின்னாலயா. கை எட்டற தூரத்துல.

எத்தனை தடவ?

நிஜமாச் சொல்லுங்க, எனக்காகக் குறைச்சுச் சொல்ல வேணாம். நாலு தடவையா? அந்தக் கடைசியில உக்காந்திருக்கிற ஆளுகூடத் திரும்பிப் பாத்தாரா.

சரி.

சரிம்மா.

இருங்க, நர்சம்மா வெளிய வந்துருச்சு. என்ன சொல்லுது? முப்பத்தி ஒண்ணா? இதோ வர்றேன். நீங்க எழுந்திருக்க வேணாம்மா, உக்காருங்க, உங்க மாமனாரைப் பாருங்க. நான் கேட்டதை மறந்துருங்க. ஜெசிந்தா, எங்க போறே? அந்த ஜன்னல்கிட்டப் போகாத. சொல்றேனில்ல, போகாதடி. இங்க என் இடத்துல உக்காரு. இந்தா, பையப் பிடி, அதுல தண்ணி இருக்கு, குடி, வேர்த்துக் கொட்டுது உனக்கு. நான் உள்ள போய், கேக்கறதுக்கு மட்டும் அமுக்கிட்டு வர்றேன்.